எண்ணா, துண்டா: திரைவாசிப்பானுக்கு உரையை எப்படிக் கொடுப்பது?

சேலத்தில் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காக ஒரு சின்னக் குறிப்பேட்டுச் செயலி எழுதினோம். எழுதும் பெட்டியை நாங்களே உருவாக்கியதால், அதிலுள்ள உரையைத் திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) கேட்டு வாங்கும் வழியையும் நாங்களே அமைக்க வேண்டியிருந்தது. இரண்டு வழிகள் இருந்தன. நாங்கள் எடுத்தது இரண்டாவது, அதனால் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன்.

முதல் வழி எண். 'ஏழாவது இடத்தில் என்ன சொல்?' என்று கேட்டால் பதில் வரும். செயலியும் திரைவாசிப்பானும் பேசிக்கொள்ளும் ஏற்பாடுகளில் லினக்ஸின் ஏடி-எஸ்பிஐ, விண்டோஸில் புழங்கும் ஐஅக்சசிபிள்2 இரண்டும் இந்த ரகம். புரிந்துகொள்ள எளிது. ஆனால் கேள்விகள் பெருகிவிடும். இதற்காகவே லினக்ஸ் செயலிகள் பயன்படுத்திய ஏடிகே என்ற நிரல் தொகுப்பில் முன்பு முந்தையது, இங்குள்ளது, அடுத்தது என மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஏழு வகை எல்லைகள் (சொல்லின் தொடக்கம், வரியின் முடிவு என்பதுபோல்), ஆக 21 விதம். 2.10 பதிப்பில்தான் ஒரே கேள்வி, ஐந்து அளவுகள் என்று சுருக்கினார்கள்.

இரண்டாவது வழி துண்டு. விண்டோஸில் இதே வேலைக்கு உள்ள மைக்ரோசாஃப்டின் யுஐ ஆட்டோமேஷன் இப்படித்தான்: உரையின் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு, 'ஒரு சொல் நகர்', 'வரி முழுக்க விரி' என்று சொல்லலாம். எங்களுடையது இன்னும் சிறியது. இந்தத் துண்டு, அடுத்தது, முந்தையது. அளவு எழுத்து, சொல், வரி, பத்தி. அவ்வளவுதான்.

எங்களை இந்தப் பக்கம் இழுத்தது பராமரிப்பு. 'ஏற்காடு' நமக்கு நான்கு எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் ஏழு குறியீடுகள், அவற்றைச் சேமிக்கும் முறைகளில் ஒன்றான யூடிஎஃப்-8 கோப்பில் 21 பைட். எண் என்றால் இதில் எந்த எண்? யூடிஎஃப்-16 என்ற இன்னொரு சேமிப்பு முறையின் கணக்கிலும் ஏழுதான் வரும் என்பதால் தமிழை மட்டும் வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். நடுவில் யாராவது ஒரு சிரிப்பு எமோஜி போட்டால் போச்சு. அது குறியீட்டுக் கணக்கில் ஒன்று, யூடிஎஃப்-16 கணக்கில் இரண்டு. அதற்குப் பிறகு கர்சர் ஒரு இடத்தில் நிற்கும், குரல் இன்னொரு இடத்தைப் படிக்கும். எண் வரும் ஒவ்வொரு வரியிலும் இது எந்தக் கணக்கு என்று நினைவு வைத்திருக்க வேண்டும். எழுதியவர் பெங்களூருக்கு வேலை மாறிப் போய்விட்டால் அடுத்து வருபவர் பாடு திண்டாட்டம்.

துண்டு வழியில் எழுத்து எங்கே முடிகிறது என்பதை ஒரே கோப்பு தீர்மானிக்கிறது. யூனிகோடின் பொது விதி 'க்ஷ'வை இரண்டாக உடைக்கும், 'ஸ்ரீ'யையும்தான். ஒன்றாகவே படிக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம்; அந்த ஒரு கோப்பில் மட்டும் கை வைத்தோம். திரைவாசிப்பான் பக்கம் எதையும் தொடவில்லை.

துண்டிலும் இடைஞ்சல் உண்டு. ஒவ்வொரு நகர்வுக்கும் தனித்தனியாகக் கேட்டால் மெதுவாகிவிடும். அதனால் உரையையும் இரு எல்லைகளையும் ஒரே பதிலில் அனுப்புகிறோம். பேக்ஸ்பேஸ் இன்னொரு தலைவலி. 'கா'வைக் 'கி' ஆக்க நினைப்பவர் 'ா' என்ற கால் குறியை மட்டும் அழிக்கத்தான் விரும்புவார், முழு எழுத்தை அல்ல. அதற்காக 'குறியீடு' என்று ஐந்தாவது அளவைச் சேர்த்தோம். இந்த இடத்தில் எண் வழிக்கு எந்தச் சிரமமும் இல்லை. ஏடி-எஸ்பிஐயிடம் பேசும்போது எப்படியும் எண்ணாக மாற்றித்தான் தர வேண்டும். ஆனால் அது வாசலில் ஒரே ஒரு இடம்.

எங்கள் அனுபவம் சிறு குறிப்புகளோடு சரி. நூறு பக்க ஆவணம், அட்டவணை, பிரெயில் திரை எதிலும் இதை ஓட்டிப் பார்த்ததில்லை. செயலிகளின் திரையை உருவாக்க உதவும் ஜிடிகே, க்யூடி போன்ற நிரல் தொகுப்புகளின் ஆயத்த எழுத்துப் பெட்டியே உங்களுக்குப் போதும் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் பெரும்பகுதியை அவர்களே செய்து வைத்திருக்கிறார்கள்.