குதிரைக்கான இதயத்துடிப்புப் பட்டை: வாங்கலாமா?

நீண்டதூர ஓட்டத்துக்குக் குதிரை பழக்கும் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். நான் ஆன்லைனில் வாங்கியது சேணத்து வாருக்கு அடியில் கட்டும் பட்டை. துடிப்பு போனில் தெரியும். விலை கையைக் கடிக்கும். ஆனாலும் ஓடும் குதிரைக்கு அது கொடுக்கும் தகவல் பணத்துக்குத் தகும்.

அழகர்கோவில் பக்கம் மண்பாதையில், வெயில் ஏறுவதற்குள் ஓட்டிவிடுவேன். அதே பாதை, அதே வேகம், துடிப்பு மட்டும் வழக்கத்தைவிட ஏறி நின்றால் எங்கோ வலி, இல்லையென்றால் உடம்பில் சூடோ தண்ணீர்க் குறைவோ இருக்கலாம். பல நேரம் குதிரை நொண்டத் தொடங்கும் முன்பே இது தெரிந்துவிடும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு இதை வேறு வழியில் அறிவது கடினம்.

இறங்கிய பிறகுதான் தகராறு. எண்டூரன்ஸ் எனும் நீண்டதூரப் போட்டிகளில் மருத்துவர் சோதிக்கும் நிறுத்தத்தில், வழக்கமாக 15 நிமிடத்துக்குள் துடிப்பு நிமிடத்துக்கு 64-க்கு வந்தாக வேண்டும். அந்த நேரத்தில் பட்டையை நம்ப முடியாது. ஓய்வாக நிற்கும் குதிரைக்கு 40 இருக்க வேண்டிய இடத்தில் திடீரென்று 80 காட்டும். குதிரையின் இசிஜியில், ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் வரும் டி அலை பெரிதாக இருக்கும். கருவி சில சமயம் அதையும் ஒரு துடிப்பாக எண்ணிவிடுகிறது. சில நூறு ரூபாய் ஸ்டெதாஸ்கோப்பை இடது முழங்கைக்குப் பின்னால் வைத்து, 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் சந்தேகம் தீர்ந்தது.

அப்புறம், துடிப்பு இறங்கிவிட்டதாலேயே குதிரை தேறிவிட்டது என்று ஆகாது. எங்கள் லாயத்துப் பெரியவர் போனைப் பார்க்கவே மாட்டார். "அது கெடக்கட்டும் தம்பி, வயித்துல காதை வையி" என்பார். இரண்டு விலாப்புறமும் மேலும் கீழும் கேட்க வேண்டும். குடல் உருளும் சத்தம் அடங்கியிருந்தால் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுவோம். ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். விலா விக்கல்போல இதயத்துடிப்போடு சேர்ந்து வெட்டினால் ரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கலாம், உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இதில் எதையும் பட்டை சொல்லாது.

குதிரை வியர்வையில் நம் வியர்வையைவிட உப்பு அதிகம். தண்ணீரோடு உப்பும் போய்விடுவதால் காய்ந்துபோன குதிரைக்குக்கூடத் தாகம் சரியாக எடுக்காது. தொட்டியை முன்னால் வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதே உப்பு பட்டையிலும் வெள்ளையாகப் படிந்து மின்முனைகளை அரிக்கிறது. ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். கட்டும்போது ரோமத்தை நன்றாக நனைத்துவிட்டுக் கட்டுங்கள், காய்ந்த ரோமத்தில் எண்ணே வராது.

எனக்கு விற்றவர்களிடம் உதிரிப்பட்டை கேட்டு மெயில் போட்டேன், பதிலே இல்லை. பேட்டரி சாதாரண 2032 பட்டன் செல்தான், மதுரை டவுன்ஹால் ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். பட்டை அப்படி இல்லை. வாங்கும்போதே கூடுதலாக ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள். கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் ஸ்டெதாஸ்கோப்.