கொட்டேஜ் வைப்புப்பணம்: கவார்த்தாப் பக்கம் போகிறவர்கள் கவனிக்கவும்

ரொறன்ரோவிலிருந்து கவார்த்தா ஏரிகள் பக்கம் தனியாரிடம் கொட்டேஜ், அதாவது ஏரிக்கரை விடுமுறை வீடு, வாடகைக்கு எடுக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். தங்கியிருந்தபோது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஏமாற்று வேலை நடந்ததெல்லாம் வீடு திரும்பிய பிறகுதான்.

கனடாவில் செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினத்தோடு முடியும் வாரத்துக்கு மூன்று குடும்பங்கள் சேர்ந்து எடுத்திருந்தோம். வாடகையை விளம்பரம் வந்த இணையத்தளத்தின் ஊடாகக் கடனட்டையில் கட்டினோம். சேதத்துக்கான வைப்புப்பணம் 800 டாலரை மட்டும் தன் மின்னஞ்சலுக்கு நேரே இன்ரராக் (வங்கிக் கணக்கிலிருந்து மின்னஞ்சல் வழியாகப் பணம் அனுப்பும் முறை) மூலம் அனுப்பச் சொன்னார் உரிமையாளர். அனுப்பினால்தான் வாசல் பூட்டின் இலக்கம் தருவாராம்.

திங்கட்கிழமை காலை 10 மணிக்குள் வெளியேற வேண்டும். விரிப்புகளைத் தோய்த்து, குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டி, அடுப்பைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினோம். பெரியம்மா குளிர்சாதனப் பெட்டியின் தட்டுகளைக்கூடக் கழற்றிக் கழுவினார். பிள்ளைகள் கடைசியாக ஒருமுறை படகுத்துறையிலிருந்து ஏரிக்குள் குதித்தார்கள். தங்கை அதைப் படமெடுத்தாள்.

பல நாள் ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் கேட்டு எழுதிய பிறகே ஒரு பட்டியல் வந்தது. படகுத்துறைப் பலகை உடைந்ததற்கு 350 டாலர், செப்டிக் தொட்டி அடைத்ததற்கு 250, 'சமையல் மணம்' நீக்க 200. கூட்டிப் பாருங்கள், ஒரு சதம் மிஞ்சாது. நண்டையும் மீனையும் வெளியே காஸ் அடுப்பில்தான் சமைத்தோம். குசினிக்குள் அம்மம்மா தேத்தண்ணீர் வைத்தார், அவ்வளவுதான். அந்த மூன்றாவது வரியைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பட்டியலோடு உடைந்த பலகையின் படமும் வந்தது. மச்சான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். பலகைக்குப் பின்னால் நின்ற மேப்பிள் மரங்களில் ஓர் இலைகூட இல்லை. செப்டம்பர் தொடக்கத்தில் அந்தப் பக்கத்து மேப்பிள்கள் பச்சையாகவே நிற்கும். மொட்டையாவதற்கு ஒக்ரோபர் கடைசியாவது ஆக வேண்டும். படம் வசந்த காலத்திலோ அதற்கு முந்திய இலையுதிர் காலத்திலோ எடுத்தது. தங்கை எடுத்த படத்தில் அதே பலகை முழுசாக இருக்கிறது, அதன்மேல் ஈரக் காலோடு என் மகன். இரண்டையும் பக்கத்தில் வைத்து அனுப்பினோம். அத்துடன் அவர் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

தளத்திடம் முறையிட்டால், வெளியே கொடுத்த பணத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். கடனட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் தகராறு எழுப்பலாம். ஆனால் பெறுபவர் ஏற்றுக்கொண்ட இன்ரராக் பணத்தைத் திருப்பி இழுக்க முடியாது. வீட்டு வாடகைத் தகராறுகளைக் கேட்கும் தீர்ப்பாயத்திடமும் போக வழியில்லை. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு குடியிருப்பு வாடகைச் சட்டம் குறுகிய கால விடுமுறைத் தங்கலைச் சேர்ப்பதில்லை. அடுக்குமாடி வீட்டுக்குச் சேத வைப்பு வாங்குவதையே தடுக்கும் சட்டம் அது. கொட்டேஜுக்கு அந்தக் காவல் கிடையாது.

மிஞ்சுவது சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் சிறு கோரிக்கை நீதிமன்றம். பணம் போன விஷயம் தெரிந்த நாளிலிருந்து பொதுவாக இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.

வைப்புப்பணத்தைத் தளத்துக்கு வெளியே கேட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். எத்தனை நாளில் திருப்புவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஹன்ற்ஸ்வில் போன்ற நகராட்சிகள் குறுகிய கால வாடகைக்கு உரிமம் கேட்கின்றன. அத்தகைய இடமென்றால் உரிம எண்ணைக் கேளுங்கள், தயங்கினால் காரணம் இருக்கும். போனவுடனும் கிளம்பும்போதும் வீடியோ எடுங்கள். எல்லோரும் வரவேற்பறையைத்தான் எடுப்பார்கள். படகுத்துறைப் பலகைகள், தோணியின் அடிப்பாகம், கழிவறையில் தண்ணீர் இறங்கும் விதம், இவைதான் பின்னர் பட்டியலில் வருகின்றன.

கோரிக்கையைத் தாக்கல் செய்து அவரிடம் சேர்ப்பித்துவிட்டோம். எதிர்வாதம் போட அவருக்கு 20 நாள் உண்டு. விளம்பரம் மட்டும் அடுத்த கோடைக்கான விலையோடு மறுபடி வந்திருக்கிறது, வைப்புப்பணம் இப்போது 1,000 டாலர்.