ரெட் டாட் மாட்ட கடையில குடுத்தேன், டெலஸ்கோப் கண்ணாடியில கோடு போட்டுத் தந்தாங்க

கொஞ்சம் நீளமா இருக்கும், டெலஸ்கோப் வெச்சிருக்கவங்க பொறுமையா படிச்சுருங்க.

டிசம்பர்ல 130 மி.மீ நியூட்டோனியன் (லென்ஸுக்குப் பதிலா கண்ணாடி வெச்ச டெலஸ்கோப்) ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன், ஃபோகல் லென்த் 650, கண்ணாடி பளிச்சுன்னு இருந்துச்சு, ஃபைண்டர் (வானத்துல குறி வெக்க டியூப் மேல மாட்டற குட்டிக் கருவி) மட்டும் தொலைஞ்சு போய் டியூப் மேல அதுக்கான ரெண்டு ஓட்டைதான் மிச்சம். ஃபைண்டர் இல்லாம வானத்துல ஒண்ணைப் புடிக்கறது பெரிய கொடுமைங்க, 25 மி.மீ ஐபீஸ்லயே (கண்ணு வெச்சுப் பாக்கற லென்ஸ்) தெரியறது ரெண்டு டிகிரிக்கும் கம்மி, நாலு முழு நிலாவை வரிசையா வெச்சா முடிஞ்சுது. ஜனவரில வியாழன் மிதுனத்துல அவ்ளோ பிரகாசமா நின்னுச்சு, பொண்ணுக்கு வியாழனோட நாலு பெரிய நிலாவைக் காட்டணும்னு ஒரே அவசரம்.

கோயமுத்தூர்ல ஒரு கடை, பேர் வேண்டாம். "ஏனுங்ணா, இந்த ஓட்டைக்கு செட் ஆகுமுங்களா?"ன்னு கேட்டேன். "குடுத்துட்டுப் போங்க சார், மாட்டி அலைன்மென்ட் பண்ணியே தர்றோம்"னார், அதாவது ஃபைண்டரும் டெலஸ்கோப்பும் ஒரே எடத்தைப் பாக்கற மாதிரி. சிவப்புப் புள்ளி காட்டி குறி வெக்கற ரெட் டாட் ஃபைண்டர் 2,400, மாட்டறதுக்கு 800. பில் கேட்டா வெள்ளைப் பேப்பர்ல எழுதிக் குடுத்தாரு, அப்பவே எந்திரிச்சு வந்திருக்கணும்.

சாயங்காலம் போய் எடுத்துட்டு வந்து அன்னிக்கு ராத்திரியே மொட்டை மாடில வெச்சேன். சிவப்புப் புள்ளியை வியாழன் மேல வெச்சா 25ல அது ஓரமா நிக்குது, சரின்னு இன்னும் பெருசா காட்டற 10 மி.மீ ஐபீஸ் மாத்துனா ஆளே இல்ல, வெறும் இருட்டு. சுத்தி சுத்தித் தேடி அரை மணி நேரம், பொண்ணு தூங்கியே போயிட்டா. ஸ்க்ரூவைத் திருகி சரி பண்ணலாம்னா மேல கீழ நகர்த்துற ஸ்க்ரூ ஏற்கனவே கடைசி வரைக்கும் திருகியாச்சு, அதுக்கு மேல நகரவே மாட்டேங்குது.

மறுநாள் ஃபோன் பண்ணி எதைப் பாத்துங்க அலைன் பண்ணீங்கன்னு கேட்டா, "எதிர் வீட்டுத் தண்ணி டேங்க் சார், பக்காவா இருந்துச்சே"ங்கறார். எதிர் வீடு 60 அடி இருக்கும். ஃபைண்டர் டியூபோட நடு அச்சுல இருந்து 14 செ.மீ கிட்ட தள்ளி உக்காந்திருக்கு, 60 அடில ரெண்டும் ஒரே எடத்தைப் பாக்கணும்னா ஒண்ணு இன்னொண்ணைப் பாத்து சாய்ஞ்சே ஆகணும், அந்த சாய்வு கிட்டத்தட்ட ஒரு முழு நிலா அகலம். ஆனா வியாழன் மாதிரி ரொம்ப தூரத்துல இருக்கறதுக்கு ரெண்டும் இணையா இருக்கணும். 10 மி.மீ ஐபீஸ்ல நடுவுல இருந்து ஓரத்துக்கே அவ்ளோ தூரம் கிடையாது. அப்புறம் வியாழன் எப்படிங்க தெரியும்?

இதுகூட பரவால்ல, வயிறு எரிஞ்சது பகல்ல டியூபுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தப்போதான். பழைய ஓட்டைக்கு இந்த ஃபைண்டரோட அடிக்கட்டை பொருந்தல போல, பக்கத்துலயே புதுசா ரெண்டு ஓட்டை டிரில் போட்டிருக்காங்க, கண்ணாடியைக் கழட்டாமயே! இரும்புத் தூள் மொத்தமும் அடியில இருக்கற மெயின் மிர்ரர் மேல கொட்டி, அதைத் துணி போட்டு வேற தொடச்சிருக்காங்க. நம்ம வீட்டு முகம் பாக்கற கண்ணாடில பூச்சு பின்னாடி இருக்கும், இதுல அலுமினியப் பூச்சு முன்பக்கமே, தலைமுடி தடிமன்ல நூத்துல ஒரு பங்குகூட வராது. இரும்புத் தூளோட தொடச்சா என்னாகும்? அரை வட்டமா ஏழெட்டு கோடு. ஸ்க்ரூ முனை ரெண்டும் உள்ள அரை இஞ்ச் நீட்டிட்டு நிக்குது, நட்டுகூட போடல, ஃபைண்டரைத் தொட்டா ஆடுது.

நியாயமா சொல்லணும்னா கோடு விழுந்ததால படம் பெருசா கெடல, வியாழனோட பட்டை ரெண்டும் நல்லாவே தெரியுது. ஆனா அது என் கண்ணாடிங்க.

கடைசில நானேதான் சரி பண்ணேன். மிர்ரரைக் கழட்டி குழாய்த் தண்ணில அலசி, கடைசியா டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி சாய்ச்சு வெச்சு காய வெச்சேன், தொடைக்கல. நட்டோட சின்ன ஸ்க்ரூ போட்டேன், அடிக்கட்டை சாய்ஞ்சிருந்ததால ஒரு பக்கம் பழைய ஏடிஎம் கார்டை வெட்டி அண்டக் குடுத்தேன், அதுக்கப்புறம்தான் அந்த ஸ்க்ரூவுக்கு நகர எடம் கெடைச்சுது. மிர்ரரைக் கழட்டினதால கொலிமேஷன் (உள்ள இருக்கற கண்ணாடிங்களை நேரா ஒத்து வெக்கறது) வேற திரும்பப் பாக்கணும், அது தனி ரோதனை.

அலைன் பண்ண ஒண்ணரை கிலோமீட்டர் தள்ளி ஒரு செல்ஃபோன் டவர். பகல்ல அதோட உச்சியை முதல்ல 25ல நடுவுக்குக் கொண்டு வந்து, அப்புறம் 10ல நடுவுக்குக் கொண்டு வந்து, டியூபை லாக் பண்ணிட்டு, ஃபைண்டர் ஸ்க்ரூவை மட்டும் திருகி புள்ளியை அங்க உக்கார வெக்கணும். படம் தலைகீழாத்தான் தெரியும், பயந்துறாதீங்க. சூரியனை வெச்சு மட்டும் யாரும் முயற்சி பண்ணாதீங்க, கண்ணு போயிரும். யூடியூப்ல துருவ நட்சத்திரம் நகராது அதை வெச்சுப் பண்ணுன்னு வெளிநாட்டுக்காரங்க சொல்றாங்க, நம்ம ஊர்ல அது 11 டிகிரி உயரத்துலதான் இருக்கு, எனக்குப் பக்கத்து வீட்டு மாடிப்படி மறைக்குது. டவரே போதும், ராத்திரி அதோட சிவப்பு லைட்டை வெச்சு இன்னொரு தடவை செக் பண்ணிக்கலாம்.

கடைல குடுத்தே ஆகணும்னா டிரில் போடற பேச்சு வந்த உடனே மிர்ரரைக் கழட்டி கைல வாங்கிக்கங்க, இல்ல பழைய ஓட்டைக்குப் பொருந்தற அடிக்கட்டையா கேளுங்க. ஒழுங்கான பில்லும் வாங்கிருங்க. நான் 1915க்கு (நுகர்வோர் புகார் நம்பர்) ஃபோன் பண்ணலாம்னு பாத்தா கைல இருக்கறது அந்த வெள்ளைப் பேப்பர்தான்.

போன வாரம் அந்த 800ஐயாவது திருப்பிக் குடுங்கன்னு நேர்லயே போய்க் கேட்டேன். "ஸ்கோப்பைக் கொண்டு வாங்க சார், இந்தத் தடவை ஃப்ரீயாவே அலைன் பண்ணித் தர்றேன்"ங்கறார்.