கேதார்காந்தா, பிரம்மதால், குவாரி கணவாய்: பனிக்கால முகட்டு நடைக்கு எதைத் தேர்வது?

டிசம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் இறுதிவரை உத்தராகண்ட் மலைகளில் பனிமேல் நடக்க விரும்புவோர் பெரும்பாலும் மூன்று வழிகளுக்குள்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்: உத்தரகாசி மாவட்டத்தின் கேதார்காந்தா, சமோலி மாவட்டத்தின் பிரம்மதால், அதே மாவட்டத்தில் ஜோஷிமட்டுக்கு மேலே உள்ள குவாரி கணவாய். மூன்றிலும் நாம் எட்டும் உச்ச உயரம் ஏறத்தாழ 3,600 மீட்டருக்கும் 3,850 மீட்டருக்கும் இடையில் அடங்கிவிடுவதால், எது உயரமானது என்ற கேள்வி தேர்வுக்கு உதவாது. பனி எந்தச் சரிவில் தங்குகிறது, முகட்டில் காற்று அதை எப்படி மாற்றுகிறது, நிலைமை கெட்டால் எங்கிருந்து திரும்பலாம் என்பவற்றைக் கொண்டே இவற்றை ஒப்பிட வேண்டும்.

மூன்றுக்கும் பனியைக் கொண்டுவருவது ஒரே காலநிலைதான். மத்தியதரைக் கடல் பக்கத்தில் உருவாகிக் கிழக்கு நோக்கி நகரும் மேற்கத்திய இடையூறுகள் சில நாட்களுக்கு ஒருமுறை இமயத்தை மோதிப் பனியைக் கொட்டிவிட்டுச் செல்கின்றன. இரண்டு இடையூறுகளுக்கு நடுவே வானம் தெளிந்திருக்கும். அந்தத் தெளிந்த நாட்களில்தான் ஒவ்வொரு மலையும் தன் போக்கில் மாறத் தொடங்குகிறது.

கேதார்காந்தாவின் அடிவாரமான சாங்கிரி, சிகரத்துக்கு வடக்கே இருக்கிறது. அங்கிருந்து ஜூடா கா தாலாப் வழியாக ஏறும் பாதை பெரும்பகுதி காட்டுக்குள்ளும் வெயில் குறைந்த சரிவுகளிலும் செல்வதால், மூன்றில் பனி நம்பகமாகத் தங்குவது இங்கேதான் என்பேன். சிகரம் சுமார் 3,800 மீட்டர். முகாமிலிருந்து அதிகாலை இருட்டில் புறப்பட்டுச் சூரிய உதயத்தின்போது உச்சிக்குப் போய்ச் சேர்வது வழக்கம். அந்நேரத்தில் பனி இறுகியிருப்பதால் கால் புதையாது; ஆனால் வழுக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை நாட்களில் கூட்டம் கூட்டமாக ஏறுவோரின் காலடியில் பாதை மிதிபட்டு, இரவில் உறைந்து, கண்ணாடிபோல் ஆகிவிடும். ஆழமான புதுப்பனியைவிட இந்த மிதிபட்ட பனிக்கட்டியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்ளும் வாய்ப்பே அதிகம். காலணிக்கு அடியில் மாட்டும் பற்களுள்ள மைக்ரோஸ்பைக் இல்லாமல் அந்தக் கடைசி ஏற்றத்துக்குப் போகக் கூடாது. முகட்டு நடை என்று பார்த்தால் கேதார்காந்தா சற்று ஏமாற்றும். உச்சிக்குக் கீழே சிறிது தூரம்தான் திறந்த முகடு, மற்றதெல்லாம் ஏற்றம். அதே காரணத்தால் திரும்புவது எளிது: வந்த வழியே சிறிது இறங்கினால் மரங்களின் மறைவு கிடைத்துவிடும். பனியை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான மலை வேறில்லை என்பதை, அங்குள்ள நெரிசலைச் சகித்துக்கொண்டே, ஒப்புக்கொள்ள வேண்டும்.

உண்மையான முகட்டு நடை பிரம்மதாலில்தான் இருக்கிறது. ரூப்குண்டு என்ற உயர்மலை ஏரிக்கான பயணத்துக்கும் அடிவாரமாக இருந்த லோஹாஜங்கிலிருந்து கிளம்பி, பெகல்தால் ஏரியையும் காட்டையும் கடந்து மேலே வந்ததும், மரங்கள் முடிந்து ஜண்டி டாப்பை ஒட்டிய நீண்ட வெட்டவெளி முகடு தொடங்குகிறது. நந்தா குண்டியும் 7,120 மீட்டர் உயரமுள்ள திரிசூலும் எதிரே நிற்க, மணிக்கணக்கில் அந்த உயரத்திலேயே நடக்கலாம். 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால் எனப்படும் மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதைத் தடைசெய்த பிறகு, பேத்னி, அலி புக்யால்கள் வழியான ரூப்குண்டு பயணம் நின்றுபோக, லோஹாஜங்குக்கு வருவோரின் கவனம் இந்தப் பக்கம் கூடுதலாகத் திரும்பியது.

அந்த முகட்டில் பனியின் நிலையைத் தீர்மானிப்பது காற்று. வீசும் பக்கத்தில் பனி அரிக்கப்பட்டு, புல்லும் பாறையும் தெரியுமளவுக்கு மெலிந்திருக்கும். மறுபக்கத்தில் அதே பனி குவிந்து இடுப்பளவு ஆழத்தில் கிடக்கும். எனவே அடிவாரத்தில் ஒருவர் "மேலே ஓரடிப் பனி" என்று சொன்னால் அந்தத் தகவலுக்குப் பெரிய மதிப்பில்லை. முகட்டின் எந்தப் பக்கத்தில் என்று கேட்க வேண்டும். காற்று ஒதுக்கிய பனி முகட்டின் விளிம்பைத் தாண்டி, அடியில் எதுவுமில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. மேலிருந்து பார்ப்பவருக்கு அது திடமான தரையாகவே தோன்றும் என்பதால், படம் எடுப்பதற்காக விளிம்பை நோக்கி நகர்வதே இந்த மலையில் நான் மிகவும் அஞ்சும் செயல். பனிமூட்டம் இறங்கினால் வெண்முகடும் வெண்வானமும் ஒன்றாகிவிடும். அப்போது உள்ளூர் வழிகாட்டி இல்லாத குழு எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் திணறும். காற்றுக்கு மறைவான இடம் நெடுந்தூரத்துக்குக் கிடைக்காதென்பதால், திரும்பும் முடிவை முகட்டில் ஏறுவதற்கு முன்பே, மரங்களின் எல்லையில் நின்று எடுக்க வேண்டும்.

குவாரி கணவாய் காட்சிக்குப் பெயர்பெற்றது. 1899 முதல் 1905 வரை இந்திய வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபுவின் பெயரால் அழைக்கப்படும் இந்த வழியில், துரோணகிரி, காமேட், சௌகம்பா, வானம் தெளிந்தால் 7,816 மீட்டர் உயர நந்தா தேவி என வரிசையாகக் காணலாம். காட்சியில் மற்ற இரண்டும் இதற்கு ஈடில்லை. ஆனால் குல்லாரா முகாமுக்கு மேலே முகட்டை அடைந்த பிறகு, கணவாய்க்குச் செல்லும் பாதை ஒரு பெரிய சரிவைக் குறுக்காக வெட்டிச் செல்கிறது, சிக்கல் அங்கே இருக்கிறது. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வுகளில், கனத்த பனிப்பொழிவுக்குப் பிந்தைய ஓரிரு நாட்களில் நிகழ்கின்றன. அப்படிப்பட்ட நாளில் சரிவைக் குறுக்காகக் கடப்பது முகட்டின் மேலேயே நடப்பதைவிடப் பல மடங்கு ஆபத்தானது. அதனால்தான் ஜனவரி, பிப்ரவரியில் பல குழுக்கள் கணவாயைத் தொடாமல் முகட்டிலிருந்தே திரும்புகின்றன. பணம் கட்டியவர்கள் இதை ஏமாற்றமாக நினைப்பதுண்டு. காட்சியின் பெரும்பகுதி அந்த முகட்டிலேயே கிடைத்துவிடுகிறது என்பதால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சாலையைப் பொறுத்தவரை குவாரிக்கு ஒரு சாதகம் உண்டு: ஜோஷிமட் பத்ரிநாத் நெடுஞ்சாலையிலேயே இருப்பதால் அதுவரை பெரும்பாலும் வண்டி போகும். 2023 ஜனவரியில் அந்நகரில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் கண்டதை நினைவில் வைத்து, தங்குமிடத்தை முன்கூட்டியே உறுதிசெய்வது நல்லது. டேராடூனிலிருந்து சாங்கிரியும், காட்கோதாமிலிருந்து லோஹாஜங்கும் ஏறத்தாழ ஒரு முழுப் பகல் பயணம். கனத்த பனிக்குப் பின் கடைசிச் சில கிலோமீட்டர்கள் அடைபடலாம்.

மாதமும் தேர்வை மாற்றும். டிசம்பர் தொடக்கத்தில் மூன்றிலும் பனி மெலிதாக இருக்கக்கூடும். மார்ச்சில் பகல் வெயிலில் இளகும் பனி நண்பகலுக்குப் பின் முழங்கால்வரை காலை உள்வாங்கும் என்பதால், காலை நடையை முடித்துக்கொண்டு பதினொரு மணிக்குள் இறங்கத் தொடங்க வேண்டும். அப்போது மைக்ரோஸ்பைக்கைவிடக் காலணிக்குள் பனி புகாமல் தடுக்கும் கெய்ட்டர்தான் அதிகம் உதவும்.

புறப்படும் வாரத்தில் வானம் தெளிந்து, கடைசிப் பனிப்பொழிவு முடிந்து நான்கைந்து நாட்கள் ஆகியிருந்து, காற்றும் அடங்கியிருந்தால் என் முதல் தேர்வு பிரம்மதால். முந்தைய நாள்வரை கொட்டியிருந்தால் கேதார்காந்தாவுக்குப் போய், முகாமுக்கு மேலே ஏறுவதை வழிகாட்டியின் சொல்லுக்கு விடுவேன். குவாரியை மார்ச் பிற்பாதிக்கு ஒத்திவைப்பேன். அப்போது அந்தக் குறுக்குச் சரிவில் பனி பழையதாகிப் படிந்திருந்தால், விடிந்த கையோடு அதைக் கடந்து, வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம்.