கல்லால் கல்லை உடைப்பதா, இரும்பால் உடைப்பதா? எம்-சாண்ட் இயந்திரத்தில் நாங்கள் எடுத்த முடிவு

போன வருடம் தை பிறந்ததும் எங்கள் கிரஷரில் (கல் உடைக்கும் ஆலையில்), கல்லை நொறுக்கி எம்-சாண்ட் என்கிற செயற்கை மணல் செய்யும் பழைய வி.எஸ்.ஐ. இயந்திரத்தை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றினோம். பழையது கல்லை இரும்பின் மேல் அடித்து உடைக்கும். புதியது கல்லைக் கல்லின் மேலேயே அடிக்கும். வீடு பல்லாவரத்தில், கிரஷர் செங்கல்பட்டு தாண்டி. சரக்கு முக்கால்வாசி கான்கிரீட்டைக் கலந்தே அனுப்பும் சென்னையின் ரெடிமிக்ஸ் பிளாண்டுகளுக்குப் போகிறது. முடிவெடுக்கும் முன் ஆறு மாதம் பலரிடம் கேட்டு அலைந்தேன். இதே குழப்பத்தில் இருக்கும் ஒருவருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். நடுவில் ஒரு ரோட்டர் சுற்றும். மேலிருந்து விழும் கல்லை அது நொடிக்கு 50, 60 மீட்டர் வேகத்தில் வெளியே வீசும். வீசிய கல் எதில் மோதுகிறது என்பதில்தான் வித்தியாசம். ஒன்றில் சுற்றிலும் அன்வில் என்கிற இரும்புக் கட்டிகள் வளையமாக நிற்கும். மற்றதில் கல்லும் தூளும் தானாகவே ஓரத்தில் குவிந்து ஒரு சுவராகிவிடும். வருகிற கல் அந்தச் சுவரில் மோதி, ஒன்றோடொன்று உரசி உடையும். இந்த இரண்டாவது யோசனை நியூசிலாந்தில் பிறந்தது. 1960களின் கடைசியில் ஜிம் மெக்டொனால்ட் தொடங்கியதை பிரையன் பார்ட்லி வளர்த்தெடுத்தார். இந்த வகை இயந்திரத்துக்கு இரண்டு பெயரையும் சேர்த்து வைத்த பெயர்தான் ‘பார்மேக்’.

ஜல்லி உடைக்கும்போது விழும் தூளான கிரஷர் டஸ்டைச் சலித்து எம்-சாண்ட் என்று விற்பதை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. கல்லைக் கூம்புக்கு நடுவே நசுக்கும் கோன் கிரஷரோடு நிறுத்திக்கொள்வதையும் பார்த்தோம். ஜல்லிக்கு அது அருமை, மணலுக்குத் துகள் தட்டையாக வருகிறது. அதோடு விட்டுவிட்டோம்.

இரும்பு வகையின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே ஓட்டத்தில் அதிக மணல் தரும். கல் வகையில் சல்லடைக்கு மேல் நின்ற கல்லைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். அதனால் ஒரு டன் மணலுக்கு ஆகிற மின்சாரம் எங்களுக்குக் கூடியிருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. வேகத்தைக் கூட்டினால் மணல் கூடும்தான். ஆனால் மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. 60 மீட்டரிலிருந்து 70க்குப் போனால் ஒவ்வொரு கல்லும் 36 சதவீதம் அதிக ஆற்றலோடு பாய்கிறது. அந்த ஆற்றலையும் மோட்டார்தான் கொடுத்தாக வேண்டும், கரண்ட் பில்லில் அது வந்து நிற்கும்.

இவ்வளவு இருந்தும் ஏன் மாற்றினோம்? எங்கள் கல்தான் காரணம்.

சென்னையைச் சுற்றிக் கிடைப்பது பெரும்பாலும் சார்னோகைட். பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் எல்லாம் அந்தக் கல்தான். உலகமே அந்தப் பெயரால் அழைக்கிற பாறைக்கு மூல இடம் நம் பரங்கிமலை வட்டாரம் என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல்லை வைத்து, 1893ல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் சூட்டிய பெயர் அது. புதிதாக உடைத்தால் எண்ணெய் தடவியது போல் கருநீலமாக மின்னும். கட்டடத்துக்கு நல்ல கல், இரும்புக்குப் பொல்லாத கல். அதில் நிறைய இருக்கும் குவார்ட்ஸ் என்கிற கடினமான கனிமம் இரும்பை அரம் போல் ராவிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் ஏமாந்தேன். பழைய இயந்திரம் வாங்கும்போது கல்லுக்கு லாஸ் ஏஞ்சலஸ் சோதனை செய்து, நல்ல முடிவு வந்ததும் நிம்மதியாகிவிட்டேன். அந்தச் சோதனை சொல்வது இரும்பு உருண்டைகளுக்கு நடுவே கல் எவ்வளவு தேய்கிறது என்பதை. கல் இரும்பை எவ்வளவு தேய்க்கிறது என்பதை அது சொல்லாது. கல் நன்றாகத் தாங்குகிறது என்றால் ரோடுக்கு நல்லது, என் அன்வில் பாவம். எனக்குத் தேவைப்பட்டது பாண்ட் தேய்மானச் சோதனை. அதில் ஒரு எஃகுத் தகட்டைக் கல்லுக்கு நடுவே சுழலவிட்டு, தகடு எத்தனை கிராம் இழந்தது என்று எடை போடுவார்கள். இது பிறகுதான் புரிந்தது.

தேய்மானம் என்றதும் எல்லோரும் அன்வில் செட் விலையைத்தான் கணக்குப் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். விலையை விட என்னை வாட்டியது வேறு. புது அன்வில் போட்ட அன்று அதன் முகம் தட்டையாக, நேராக இருக்கும். கல் செங்குத்தாக மோதும். நாள் ஆக ஆக நடுவில் குழி விழுந்து, தேய்ந்த அம்மி போல் ஆகிவிடும். இடைவெளி கூடும், மோதும் கோணம் மாறும், மணல் கொஞ்சம் கொஞ்சமாகப் பருமனாகிப்போகும். ஐ.எஸ். 383 என்கிற இந்தியத் தரம் பருமனை வைத்து மணலை மண்டலங்களாகப் பிரிக்கிறது. அதில் இரண்டாம் மண்டல மணல் என்றால் 600 மைக்ரான் சல்லடையில் 35 முதல் 59 சதவீதம் இறங்க வேண்டும். புது அன்வில் போட்ட வாரம் நடுவில் நிற்கும் எங்கள் மணல், செட் முடியும் வாரத்தில் பருமனான முதல் மண்டலத்தின் வாசலில் போய் நிற்கும். ரெடிமிக்ஸ்காரர்கள் கலவைக் கணக்கை ஒரு மணலுக்கு என்று போட்டு வைத்திருப்பார்கள். மணல் மாறினால் அவர்களுக்குத் தண்ணீர் அளவு மாறும், பம்பில் கான்கிரீட் அடைக்கும். ‘போன வாரம் வந்த மணல் இது இல்லையே’ என்று ராத்திரி பதினோரு மணிக்கு வந்த போனை நான் மறக்கவே மாட்டேன். இரண்டு லோடு திரும்பி வந்தது. சலித்துக் காட்டினார்கள், தப்பு எங்கள் மேல்தான்.

கல் வகையில் அந்தச் சுவர் தேய்ந்தால் அடுத்து வரும் கல்லே வந்து நிரப்பிக்கொள்கிறது. அறையின் உருவம் மாறுவதில்லை. அதனால் மணலும் மாறுவதில்லை. எங்கள் ஆய்வக நோட்டில் 600 மைக்ரான் வரிசையை மட்டும் விரல் வைத்துப் படித்துக்கொண்டு போனாலே வித்தியாசம் தெரியும். நான் இந்த இயந்திரத்தின் பக்கம் சாய்வதற்கு இந்த ஒன்று போதும்.

அதற்காகத் தேய்மானமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கல் ரோட்டரை விட்டு வெளியேறும் வாயில் டங்ஸ்டன் கார்பைடு என்கிற கடினமான பொருள் வைத்த டிப் (முனை) இருக்கிறது, அது தேயும். தினமும் காலையில் மின்சார பிரேக்கரை இறக்கிப் பூட்டு போட்டு, கதவைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்க்கிறோம். கார்பைடில் விழும் கோட்டின் ஆழத்தை எங்கள் ஆபரேட்டர் அண்ணன் விரல் நுனியால் தடவியே சொல்வார்: “இன்னும் ரெண்டு ஷிப்ட் தாங்கும் தம்பி, ஞாயித்துக்கிழமை கழட்டிடலாம்.” கார்பைடு தீர்ந்தது தெரியாமல் ஓட்டினால் கல் ரோட்டரின் உடம்பையே அறுத்துவிடும். மாற்றும்போது முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டும். எதிரெதிரே வரும் டிப்புகள் ஒரே எடை இருக்க வேண்டும், இல்லையென்றால் ரோட்டர் உதறும். அதற்கென்றே ஷெட்டில் ஒரு மின்னணுத் தராசு வாங்கி வைத்திருக்கிறோம். இரும்புத் துண்டு உள்ளே போனால் கார்பைடு கண்ணாடி போல் தெறித்துவிடும். ஒரு தடவை கல் அள்ளும் இயந்திரத்தின் பக்கெட் பல் ஒன்று போய் அனுபவப்பட்டோம். பெல்ட்டுக்கு மேல் காந்தம் கட்டாமல் இந்த இயந்திரத்தை ஓட்டவே கூடாது.

மணலின் உருவமும் மாறியிருக்கிறது. முன்பு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்தால் ஊசி ஊசியாகக் குத்தும். இப்போது கேழ்வரகைத் தேய்ப்பது போல் உருள்கிறது.

கூடவே ஒரு தொல்லையும் வந்தது. கல்லோடு கல் உரசுவதால் மாவு அதிகம். நொறுக்கிய மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான மாவு 15 சதவீதம் வரை தரம் அனுமதிக்கிறது, ஆனால் வாங்குகிறவர்கள் அவ்வளவு விடுவதில்லை. கழுவ வேண்டியிருக்கிறது. கழுவத் தண்ணீர் வேண்டும். 2019 வறட்சியில் சிக்கராயபுரம் கல்குவாரிப் பள்ளத்துத் தண்ணீரை எடுத்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு மணல் கழுவத் தண்ணீரை இறைக்க மனசு வரவில்லை. அதனால் மூன்று தொட்டி கட்டி, சேற்றைப் படியவிட்டு, தெளிந்த தண்ணீரையே திரும்ப ஓட்டுகிறோம். இயந்திரத்தின் விலையோடு இந்தத் தொட்டிகளின் செலவையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

ஈரக்கல்லைப் பற்றி உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரே ஒரு ஐப்பசி, கார்த்திகை அனுபவம்தான் இருக்கிறது. அந்த மழையில் ஈரத்தூள் ரோட்டருக்குள் ஒரு பக்கமாக அப்பிக்கொண்டு இரண்டு முறை அதிர்வு வந்தது, நிறுத்திச் சுரண்டினோம். இரும்பு வகையில் நான்கு மழைக்காலம் ஓட்டியபோது இந்தத் தொந்தரவு குறைவாகவே இருந்தது. இன்னும் இரண்டு வருடம் ஓட்டினால்தான் முழுசாகச் சொல்ல முடியும். அதேபோல் அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லை நான் ஓட்டியதில்லை. ஆனால் அதில் குவார்ட்ஸ் குறைவு, இரும்பை அவ்வளவு தின்னாது. அங்கே நான் இருந்தால் அன்வில் இயந்திரத்தையே வாங்கியிருப்பேன், மின்சாரமும் மிச்சமாகும்.

எங்கள் பழைய இயந்திரம் அப்படிப்பட்ட ஒரு சுண்ணாம்புக்கல் கிரஷருக்குத்தான் போயிருக்கிறது. வாங்க வந்தவர் ரோட்டரைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, “உங்க கல்லு என்ன கல்லு சார்?” என்றுதான் முதலில் கேட்டார். நானும் விற்பனையாளரிடம் போவதற்கு முன்னால் அதைக் கேட்டிருக்க வேண்டும். இயந்திரம் தேடுகிறவர்கள் விலைப்பட்டியலைப் பிரிக்கும் முன் சொந்தக் குவாரிக் கல்லில் ஒரு லாரி ஏற்றிக்கொண்டு போய், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் போட்டுப் பாருங்கள். புது அன்வில் போட்ட நாளில் போகாதீர்கள். செட் முடியப்போகிற வாரம் எது என்று கேட்டு, அந்த வாரம் போய்ச் சலித்துப் பாருங்கள்.