ஃபோல்ட்ஸ்கோப்பில் உட்கரு: எது தெரியும், எது தெரியாது

ஃபோல்ட்ஸ்கோப்பைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வெங்காயத் தோலையும் கொசுக்காலையும் படம் பிடித்துப் போட்டு முடித்துவிடுகிறார்கள். உயிரியல் ஆசிரியருக்கு அது போதாது. செல்லின் வளர்ச்சியையும் இழப்பு மீட்டலையும் (வெட்டுப்பட்ட பகுதியை மீண்டும் வளர்த்துக்கொள்வதையும்) உட்கரு எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்ற பாடத்தை இந்தக் காகித நுண்ணோக்கியை வைத்து நடத்த முடியுமா? முக்கால்வாசி முடியும். முடியாத பகுதி எது என்று தெரிந்து வாங்கினால் பணமும் பீரியடும் மிச்சம்.

ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் வடிவமைத்து 2014-ல் வெளியிட்ட கருவி இது. கடையில் கிடைக்கும் மாடல் 140 மடங்கு பெரிதாக்கும். அதன் பகுதிறன் சுமார் 2 மைக்ரான். பலரும் முதல் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நமக்கு இரண்டாவதுதான் முக்கியம். 2 மைக்ரானைவிட நெருங்கி நிற்கும் இரண்டு கோடுகள் இதில் ஒரே கோடாகத்தான் தெரியும். ஃபோன் கேமராவில் எவ்வளவு ஜூம் செய்தாலும் அந்த மங்கல்தான் பெரிதாகும்.

முதலில் எளிதான வேலை. வெங்காயச் செதிலின் உட்புறத் தோலை இடுக்கியால் உரித்து, சாஃப்ரனின் அல்லது அயோடின் ஒரு சொட்டு விட்டு, இரண்டு நிமிடம் கழித்துக் கழுவிக் கவர் ஸ்லிப் போட்டால் உட்கரு பளிச்சென்று தெரியும். அது பத்து மைக்ரானுக்கு மேல் இருப்பதால் சிக்கலே இல்லை. கன்னச் செல்லின் உட்கரு அதில் பாதியளவுதான், ஆனாலும் மெத்திலீன் புளூவில் நீலப் பொட்டாகத் தெரிந்துவிடும். சாயம் கெட்டியாக இருந்தால் செல் முழுக்க நீலமாகிப் பொட்டு மறைந்துவிடும். வெளிர் நீலம் போதும்.

படமே வரவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஸ்லைடைத் திருப்பி வைத்ததே காரணம். 140 மடங்கு தரும் பந்து லென்ஸின் குவியத் தொலைவு சுமார் 1.8 மி.மீ. லென்ஸின் முகப்பிலிருந்து கணக்கிட்டால் ஒரு மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. கண்ணாடி ஸ்லைடின் தடிமனே ஒரு மில்லிமீட்டர் இருக்கும். ஆகவே கவர் ஸ்லிப் உள்ள பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் எவ்வளவு நகர்த்தினாலும் ஃபோகஸ் கிடைக்காது. பந்து லென்ஸுக்கு ஓரங்கள் எப்போதும் மங்கல்தான். பார்க்க வேண்டியதை நடுவில் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

அடுத்தது வளர்ச்சிக்கான செல் பிரிதலைக் காட்டும் வேர் நுனி. இங்கேதான் கருவி கைவிடுகிறது. வேர் நுனியை மூன்று பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலம் கலந்த கரைசலில் ஒரு நாள் ஊறவிட்டு, 60 டிகிரி சூட்டில் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் வைத்து, அசிட்டோகார்மைன் ஏற்றி, நுனியிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டரை மட்டும் வெட்டிக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். பக்கவாட்டில் நழுவினால் செல்கள் உருண்டு பாழாகிவிடும். இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஃபோல்ட்ஸ்கோப்பில் தெரிவது இருண்ட திட்டுகள்தான். பிரிந்து கொண்டிருக்கும் செல் எது, பிரியாமல் இருப்பது எது என்று சொல்லலாம். குரோமோசோம்கள் இரு பக்கமாகப் பிரியும் அனாஃபேஸ் கட்டத்தில் இரண்டு திட்டுகள் எதிரெதிராக விலகுவதைக் காட்டலாம். வெங்காயத்தின் 16 குரோமோசோம்களை எண்ண முடியாது. ஒவ்வொன்றின் அகலமே ஒன்றிரண்டு மைக்ரான்தான். அந்த வேலைக்கு 40 மடங்கு ஆப்ஜெக்டிவ் உள்ள சாதாரண மாணவர் நுண்ணோக்கியே வேண்டும். அதன் பகுதிறன் அரை மைக்ரான் அளவுக்கு வரும்.

இழப்பு மீட்டலுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். காரணம், ஸ்டென்டார். குளத்து நீரில் பாசியிலும் அழுகும் இலையிலும் ஒட்டிக்கொண்டு வாழும் ஒற்றைச் செல் உயிரி இது. நீலப்பச்சை நிற இனம் நீண்டு நிற்கும்போது ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். அதன் பெரிய உட்கரு மணி கோத்த மாலைபோல உடல் நெடுக ஓடுகிறது; மரபணுத் தொகுப்பின் பல்லாயிரம் நகல்கள் அதற்குள் இருக்கின்றன. செல்லை எங்கே வெட்டினாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணிகளாவது துண்டுக்குக் கிடைத்துவிடுவது இதனால்தான். மணி கிடைத்த துண்டு காயத்தைச் சில நிமிடங்களில் மூடி, ஒரு நாளுக்குள் வாய்ப்பகுதியைப் புதிதாக வளர்த்து, சிறிய அளவில் முழு ஸ்டென்டாராகிவிடும். மணி கிடைக்காத துண்டும் காயத்தை மூடும், நீந்தும். வாய் மட்டும் வளராது, சில நாளில் செத்துவிடும். காயம் மூடுவதற்கு உட்கருவின் புதிய ஆணை தேவையில்லை, வாய் கட்டுவதற்குத் தேவை என்பதை மாணவர்கள் கண்ணால் பார்க்கலாம்.

கேள்வி கேட்கும் மாணவர் இருந்தால் இங்கே அசிட்டபுலேரியாவையும் சொல்லியாக வேண்டும். தண்டும் குடையும் கொண்ட ஒற்றைச் செல் கடற்பாசி அது; உட்கரு அடிப்பகுதியில் இருக்கும். ஜெர்மன் உயிரியலாளர் ஹாம்மர்லிங் 1930-களில் செய்த சோதனைகளில் உட்கரு நீக்கிய தண்டும் ஒரு முறை குடையை வளர்த்தது. உட்கரு ஏற்கனவே அனுப்பிவைத்த செய்தி ஆர்.என்.ஏ. தண்டில் சேர்ந்திருந்ததுதான் காரணம் என்பது பின்னாளில் விளங்கியது. ஒரு இனத்தின் தண்டை வேறு இனத்தின் உட்கரு உள்ள அடிப்பகுதியோடு ஒட்டுப்போட்ட செல்லில் கடைசியில் நிலைத்தது உட்கருவுக்குரிய இனத்தின் குடை வடிவம்தான்.

ஸ்டென்டாரை வெட்டுவதை ஃபோல்ட்ஸ்கோப்பின் அடியில் செய்ய முடியாது. லென்ஸுக்கும் சொட்டுக்கும் நடுவே ஊசி நுழைய இடமில்லை. நல்ல கைலென்ஸ் அல்லது டிசெக்டிங் நுண்ணோக்கி கட்டாயம். சொட்டில் நீரைக் கெட்டியாக்கும் 2 சதவீத மெத்தில் செல்லுலோஸ் கலந்தால் ஸ்டென்டாரின் ஓட்டம் மட்டுப்படும். நுனி மெல்லிதாக இழுத்த கண்ணாடி ஊசியால் வெட்டுங்கள். பிளேடு வைத்தால் செல் நசுங்கி உள்ளிருப்பது கொட்டிவிடும்.

வெட்டிய துண்டுகளை ஸ்லைடிலேயே விட்டுவைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. காற்று குறைந்து, நீர் வற்றி, உட்கரு இருந்தும் துண்டு செத்துவிடும். மாணவர் தவறான முடிவுக்கு வருவார். அதே குளத்து நீரை வடிகட்டி வாட்ச் கிளாஸில் ஊற்றி, மூடி, துண்டுகளை அதில் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒன்றை மட்டும் ஸ்லைடுக்கு எடுங்கள். கவர் ஸ்லிப் நசுக்காமல் இருக்க இருபுறமும் டபுள் சைடு டேப் ஒட்டினால் போதும். எந்தத் துண்டில் மணி இருந்தது என்று சந்தேகம் வந்தால், அதே அளவு துண்டு ஒன்றை அசிட்டிக் அமிலம் கலந்த மெத்தில் கிரீனில் பலிகொடுத்துப் பாருங்கள். உட்கரு பச்சையாகிவிடும்.

படமெடுக்கும்போது ஃபோனின் மெயின் கேமராவில் ஃபோல்ட்ஸ்கோப்பை இணைக்கும் காந்த வளையத்தைப் பொருத்தி, ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்துவிடுங்கள். பல லென்ஸ் உள்ள ஃபோன்கள் கிட்டப் பார்வை என்று நினைத்துக்கொண்டு தானாகவே வேறு லென்ஸுக்குத் தாவும். அந்த வசதியை அணைத்துவிட வேண்டும்.

வகுப்புக்கு வாங்குவதானால் மேசைக்கு ஒரு ஃபோல்ட்ஸ்கோப்பும் அறைக்கு ஒரு 400 மடங்கு நுண்ணோக்கியும் சரியான கணக்கு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், மைட்டாசிஸ் (செல் பிரிதல்) செய்முறைத் தேர்வு உள்ள வகுப்புக்கு இரண்டாவதை வாங்குங்கள்.