வெள்ளவத்தைக் காகம்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

இதை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கமாக ஒரு ஃபிளாட் எடுத்தால், தண்ணீர் மீட்டர், கரண்ட் மீட்டரோடு இதுவும் சேர்ந்து வரும். வாடகை ஒப்பந்தத்தில் இருக்காது, பல்கனிக் கம்பியில் இருக்கும். புதிதாகக் குடிவருகிறவர்கள் "எப்படி, தொல்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், சில வருடங்கள் பாவித்தவன் என்ற முறையில் எழுதிவைக்கிறேன்.

கொழும்பில் இரண்டு மாடல் உண்டு. முழுக் கறுப்பாக, தடித்த அலகோடு இருப்பது அண்டங்காகம். நமக்கு வாய்த்தது கழுத்தில் சாம்பல் நிறம் பூசிய வீட்டுக் காகம். எடை முந்நூறு கிராம் அளவில்தான், ஆனால் சத்தத்தைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். விடியற்காலை, கரையோர ரயில் போவதற்கு முன்பே தொடங்கிவிடும். சத்தத்தைக் குறைக்க வழி இல்லை.

முதலில், இதைப் பற்றிக் காலங்காலமாகச் செய்யப்படும் விளம்பரம்: காகம் கத்தினால் விருந்தாளி வருவார். சாதாரண விளம்பரம் இல்லை, சங்ககாலத்து விளம்பரம். குறுந்தொகை 210ஆம் பாட்டில், தலைவன் திரும்பி வந்த பெருமை எனக்கில்லை, அவன் வருவான் என்று கரைந்த காகத்துக்குத்தான் என்கிறாள் தோழி. வள்ளல் நள்ளியின் காட்டு ஆயர்களுடைய நெய்யும் தொண்டி அரிசிச் சோறுமாக ஏழு கலத்தில் ஏந்தினாலும் அதற்கு அது கொஞ்சம்தானாம். இதைப் பாடியதால் அந்தப் புலவருக்கே காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று பெயர். இத்தனை நூற்றாண்டாக இப்படியொரு நற்சான்றிதழ் கையில் இருந்தால் எந்தப் பறவைக்கும் கொஞ்சம் தலைக்கனம் வரும்தானே.

நான் பார்த்தவரை இந்த வசதி வேலை செய்வதில்லை. எங்கள் நாலாம் மாடி மாமி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். "காகம் கத்தினது, பின்னேரமே ஆள் வந்திட்டுது பாத்தீரோ" என்பார். மாமியின் வீட்டுக்கு ஆள் வராத நாள் எது? யாழ்ப்பாணத்திலிருந்து விசா நேர்முகத்துக்கு வருகிறவர், கனடாவிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்தவர், அவர் கொண்டுவந்த சொக்லேட்டை வாங்கப் போகிறவர் என்று படியில் எப்போதும் செருப்புச் சத்தம். காகமோ நாள் முழுக்கக் கத்துகிறது. அதனால் மாமியின் கணக்கில் அது ஒருநாளும் பிழைத்ததே இல்லை.

அடுத்த விளம்பரம், பகிர்ந்துண்ணும் குணம். குறள் 527. கிடைத்ததை ஒளிக்காமல் இனத்தைக் கூப்பிட்டு உண்ணுமாம். கூப்பிடுவது உண்மைதான், நான் சாட்சி. ஆனால் சோற்றோடு ஒரு மீன் தலையை வைத்துப் பாருங்கள். முதலில் வருகிற காகம் தலையைத் தூக்கி எதிர்க் கூரையில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் மற்றவர்களைச் சோற்றுக்கு அழைக்கும். வள்ளுவர் பகிர்வதைச் சொன்னார், வரிசையைச் சொல்லவில்லை.

விரத நாட்களில் சேவை மந்தம். புரட்டாதிச் சனிக்கும் அமாவாசைக்கும் ஒவ்வொரு மாடியிலும் இலை போட்டுச் சோறு வைப்பதால் காகங்களுக்குத் தெரிவு அதிகம். வடை உள்ள மாடிக்கு முதலில் போகும், வெறும் சோறும் பருப்பும் வைத்த நாங்கள் பசியோடு நிற்போம். போன புரட்டாதியில் மாமி இலையை வைத்துவிட்டுக் கனநேரம் கூப்பிட்டும் ஒன்றும் வரவில்லை. மகள் கவலைப்பட்டபோது மாமி சொன்ன பதில்: "அவர் இருக்கேக்கையும் நேரத்துக்குச் சாப்பிட வந்த மனுசனோ?"

சரி, இனி விளம்பரத்தில் சொல்லாத வசதிக்கு வருவோம். இது ஆளின் முகத்தை ஞாபகம் வைத்திருக்கும். மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுக்குப் பக்கத்தில் போய், சுற்றிக் கத்திய காகங்கள் மேல் செருப்பை எறிந்திருக்கிறார். அன்றிலிருந்து அவர் கேட்டைத் தாண்டினால் போதும், காலி வீதி வரைக்கும் கரண்ட் கம்பியில் அறிவித்தல் போகும். பின்னால் வந்து தலையில் கொத்தப் பார்க்கும். மழை இல்லாத நாளிலும் ஐயா குடையோடு போவது இதனால்தான். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை, அவருக்கு மட்டும்.

இது எங்கள் கட்டடத்துக் கட்டுக்கதை இல்லை. 2006இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஜான் மார்ஸ்லஃபும் அவருடைய குழுவினரும் குகைமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு சில காகங்களைப் பிடித்து, வளையம் மாட்டி விட்டார்கள். பிறகு அந்த முகமூடியை யார் போட்டு நடந்தாலும் காகங்கள் கூடித் திட்டின. பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன. ஆண்டுகள் பல போயும் கோபம் ஆறவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர்கள் போட்டுக்கொண்ட இன்னொரு முகமூடி, அப்போதைய துணை ஜனாதிபதி டிக் செய்னியுடையது. அவரைக் காகங்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மனிதர்கள் அவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது வேறு கதை. அது அமெரிக்கக் காகம், நம்முடையது வேறு இனம். ஆனால் ஐயாவின் குடையைப் பார்த்தால் குணத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இந்த ஆராய்ச்சியைச் சொன்னதும் ஐயாவின் பேரன் ஒரு முகமூடி வாங்கித் தருகிறேன் என்றான். யாருடைய முகம் என்பதில்தான் வீடு இரண்டாகியது. ஐயாவின் மகன் ரஜினி ரசிகர், பேரன் விஜய் ரசிகன். 2023 ஜூலையில் ஒரு பட இசை வெளியீட்டு மேடையில் ரஜினி காகம் கழுகுக் கதை சொன்னாரே, காகம் எவ்வளவு சீண்டினாலும் கழுகு பதில் கொடுக்காமல் இன்னும் மேலே பறந்துவிடும் என்று, அதிலிருந்து அந்த வீட்டில் 'காகம்' என்பது கெட்ட வார்த்தை. அடுத்த ஜனவரியில் இன்னொரு மேடையில் ரஜினியே, நான் விஜயைச் சொல்லவில்லை என்று விளக்கம் கொடுத்தார். அவர் விட்டுவிட்டார், ரசிகர்கள் விடவில்லை. அதுதானே ரசிகர் வேலை.

தீர்ப்பு வேண்டுமென்றால் பின்னேரம் மொட்டைமாடிக்கு வந்து பாருங்கள். கடல் பக்கமிருந்து செம்பருந்து ஒன்று வரும். இரண்டு காகம் வாலைப் பிடிக்காத குறையாகத் துரத்தும். ரஜினி சொன்னபடியே பருந்து ஒன்றும் பேசாமல் உயரப் போய்விடும். அதுவரை ஐயாவின் மகன் சரி. காகங்கள் திரும்பி வந்து எங்கள் தண்ணீர்த் தாங்கிமேல் உட்கார்ந்து, இடம் இன்னும் தங்களுடையது என்று சத்தம் போடும். அதனால் பேரனும் சரி.

களவில் இதற்குப் பழைய பெயர் இருக்கிறது. 1845 முதல் 1850 வரை இலங்கையில் ஆங்கிலேய அரசின் காலனிச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், இந்நாட்டு விலங்குகளைப் பற்றி எழுதும்போது ஒரு காகத்தின் வேலையைக் குறித்துவைத்தார். சங்கிலியில் கட்டிய நாய் எலும்பு கடித்துக்கொண்டிருக்கிறது. காகம் முன்னால் ஆடிப் பார்க்கிறது, தலையைச் சாய்த்துப் பார்க்கிறது, நாய் மசியவில்லை. போய் ஒரு கூட்டாளியைக் கூட்டிவருகிறது. கூட்டாளி பின்னாலிருந்து பாய்ந்து நாயின் முதுகில் ஒரு கொத்து. நாய் திரும்பிய அந்த நொடியில் எலும்பு போய்விட்டது. காலி முகத்திடலில் இஸ்ஸோ வடையை (இறால் வடை) கையில் வைத்துக்கொண்டு அலையைப் பார்க்கிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும். பாட்டியிடம் வடை எடுத்த காகத்தை நரி ஏமாற்றியதாகச் சின்ன வயதில் சொல்லித் தந்தார்கள். முகத்திடலில் நரி கிடையாது.

கம்பி ஹாங்கரும் போகும், அதுவும் கூடு கட்டும் காலத்தில். கீழே நிற்கும் மரத்துக் கூட்டில் எங்கள் வீட்டு ஹாங்கர் எது, மாமி வீட்டு ஹாங்கர் எது என்று அடையாளம் சொல்லலாம். பிளாஸ்டிக் ஹாங்கருக்கு மாறினால் இந்தப் பிரச்சினை இல்லை.

இவ்வளவு கெட்டித்தனம் இருந்தும் ஒரு பெரிய குறை. சித்திரை வருடப் பிறப்புக் கிட்டும்போது குயில் கூவத் தொடங்கும். கீழ் வீட்டுச் சிங்களக் குடும்பம் "கொஹா வந்துவிட்டது, அவுருது வந்துவிட்டது" என்று சந்தோஷப்படும். காகத்துக்கு அது நல்ல செய்தி இல்லை. குயில் அதன் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், காகம் அடைகாத்து, தீத்தி வளர்க்கும். செருப்பெறிந்த ஐயாவை எத்தனை பேருக்கு நடுவிலும் கண்டுபிடிக்கிற பறவைக்குத் தன் கூட்டில் கிடப்பது யாருடைய பிள்ளை என்று தெரியவில்லை. மாமி இதற்கும் பதில் வைத்திருக்கிறார்: "பெத்ததுகளே பார்க்காத காலத்தில வளக்கிறதே பெரிசு."

மாற்றித் தரச் சொல்லலாமா என்று கேட்கிறவர்களுக்கு: முடியாது. 1890களில் ஆங்கிலேயர் மலாயாவின் கிள்ளான் பக்கக் கோப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து இதைக் கொண்டுபோனார்கள். பக்கத்துச் சிங்கப்பூரில் பிறகு துப்பாக்கியால் சுட்டும் முழுக்க ஒழிக்க முடியவில்லை. 1990களில் யாரும் கூப்பிடாமலே கப்பலில் ஏறி நெதர்லாந்தின் ஹுக் வான் ஹோலன்ட் துறைமுகத்தில் போய்க் குடியேறியது. ஏஜென்சிக்கு ஒரு சதமும் கட்டாமல் ஐரோப்பா போய்ச் சேர்ந்த ஆள் இது ஒன்றுதான் என்று எங்கள் படிக்கட்டில் இன்னும் மரியாதையாகப் பேசுகிறார்கள்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. எச்சத்தை அன்றன்றே கழுவுங்கள், காய்ந்தால் தேய்க்க வேண்டிவரும். பழைய சீடியைக் கட்டித் தொங்கவிடுவது கொஞ்ச நாளைக்குத்தான், பிறகு அதன்மேலேயே வந்து உட்காரும். மிளகாய்த்தூள் தூவுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை, தூளைக் கூட்டி அள்ளும்போது தும்முவது நீங்கள்தான். வேப்பம்பூ வடகம் காயவைப்பவர்கள் வலை போட்டே ஆகவேண்டும், நாலு மூலையிலும் கல் வைத்து. கல்லைக் கையில் எடுத்து எறிகிற எண்ணம் இருந்தால், முகத்தை மூடிக்கொண்டு எறியுங்கள்.